மூன்றாம் நாளுக்குப் பிறகு

1

தீபாவளியன்று காரைக்குடியில் விடியற்காலை நாலு மணிக்கே தெரு அதிர ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் போனால், ஒரு கிளைச் சாலையில் திரும்பியதும் சட்டென்று அமைதி. கொள்ளுக்குடிப்பட்டியில் வெடி போட மாட்டார்கள். தீபாவளிக்கு மட்டும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் கிடையாது. புதுச்சட்டை போட்ட சின்னப் பையன்கள் கண்மாய்க் கரையில் கையில் வெடி இல்லாமல் நிற்பார்கள். வனத்துறைக்காரர்கள் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம். 1977-ல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மழை ஏமாற்றாத வருஷங்களில் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். பாதி பறவை, பாதி எச்சம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, இராக்கொக்கு. பக்கத்தில் போனால் அழுகின மீன் வாடை மூக்கில் ஏறும். ராத்திரியெல்லாம் குஞ்சுகளின் கத்தல். இதை அரை நூற்றாண்டாக ஒரு ஊர் பொறுத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் செய்தித்தாள்கள் வருஷம் தவறாமல் எழுதுகின்றன. நாமும் வருஷம் தவறாமல் நெகிழ்கிறோம்.

நான் போய் வந்து இதைச் சொன்னபோது அப்பத்தா நெகிழவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாசியில போயிரும்ல? அப்புறம் என்ன. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்னு சும்மாவா சொன்னாக" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "உங்க பாட்டையா கதையும் அதுதான்" என்றார்.

பாட்டையாவின் கதைக்கு வருகிறேன். அதற்கு முன், மாசியில் போகாமல் தங்கிவிட்ட பறவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

தமிழில் கூஸ், டக் இரண்டையுமே வாத்து என்று சொல்லிவிடுகிறோம். நான் சொல்ல வருவது கழுத்து நீண்ட, தரையில் புல் மேயும் பெருவாத்து. நம் பக்கம் வருவது பட்டைத்தலை வாத்து. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வருஷா வருஷம் வரும். திபெத், லடாக், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலே இவை பறந்ததை ஆய்வாளர்கள் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். குளிர்காலம் முடிந்ததும் திரும்பிவிடும். கூந்தன்குளத்திலும் வெடி போட மாட்டார்கள்.

பறவைக்கும் ஊருக்கும் இருக்கும் இந்த ஒப்பந்தம் தமிழ்நாட்டில் பழையது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்ற ஊர்க்காரர்களின் உரிமையை ஏற்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் ஒரு கவுல் கொடுத்திருக்கிறார். ஊர்க்காரர்களின் பாசத்துக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை கொஞ்ச நாள் இருக்கும், எருவை விட்டுவிட்டுப் போகும். இரண்டு தரப்புக்கும் லாபம்.

இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. வேட்டங்குடிக்குச் சுவிட்சர்லாந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பறவைகள் வருகின்றன என்று எழுதுவது வழக்கம். அப்படித் தூரதேசத்திலிருந்து வருபவையும் இருக்கலாம். ஆனால் அந்தக் கருவேல மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தியும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போகும், வற்றினால் கிளம்பும். கூடு கட்டுவதும் முட்டையிடுவதும் இங்கேதான். கொள்ளுக்குடிப்பட்டி மரத்தில் பிறந்த குஞ்சையும் நாம் விருந்தாளி என்றுதான் சொல்கிறோம். எங்கே பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை, மாசியில் போய்விடுகிறதே.

3

போகாத வாத்தின் கதை அமெரிக்காவில் நடந்தது.

கனடா வாத்து என்று ஒன்று. கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைத் திட்டு. வசந்தத்தில் வடக்கே கனடாவுக்குப் போய்க் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தெற்கே அமெரிக்காவுக்கு இறங்கும். வானத்தில் ஈட்டிமுனை மாதிரி அணிவகுத்து அவை போவதைப் பார்த்துப் பருவம் மாறுவதைத் தெரிந்துகொண்ட ஜனங்கள் அந்த நாட்டில் இருந்தார்கள்.

கறிக்காக அவற்றை வேட்டையாடியவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சில வாத்துகளைப் பிடித்து இறக்கையைக் கத்தரித்து வீட்டில் வளர்ப்பார்கள். வேட்டைக் காலத்தில் அவற்றை ஏரிக்கரையில் கட்டிப்போடுவார்கள். கட்டிப்போட்டது கத்தும். மேலே போகிற கூட்டம் நம்ம ஆள் கூப்பிடுகிறான் என்று இறங்கும். துப்பாக்கி காத்திருக்கும். நம் பக்கத்தில் கௌதாரிக்குப் பழக்கின கௌதாரியைக் கூண்டில் வைக்கிற அதே வித்தை.

வேட்டை அளவுமீறிப் போனதும் சட்டங்கள் வந்தன. வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1918-ல் வந்தது. உயிருள்ள பறவையைப் பொறியாக வைப்பதை 1935-ல் தடை செய்தார்கள். கட்டிவைத்திருந்த வாத்துகளை இனி என்ன செய்வது? பலர் அவிழ்த்துவிட்டார்கள். அவை எங்கேயும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெருவாத்துக்கு வலசைப் பாதை தானாக வந்துவிடுவதில்லை. முதல் வருஷம் அப்பன், ஆத்தாளோடு கூடப் பறந்து, எந்த ஆற்றில் திரும்ப வேண்டும், எந்த ஏரியில் இறங்க வேண்டும் என்று குஞ்சு கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை போகாவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் பாதை கிடையாது. இறக்கை இருக்கும், வழி தெரியாது. 1993-ல் பில் லிஷ்மன் என்ற கனடாக்காரர் தான் வளர்த்த வாத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் ஒரு குட்டி விமானத்தை ஓட்டிக்கொண்டு ஒண்டாரியோவிலிருந்து வர்ஜீனியா வரை கூட்டிப் போனார். அடுத்த வசந்தத்தில் பெரும்பாலானவை ஆள் துணை இல்லாமலே திரும்பி வந்தன. ஒரே ஒரு தடவை யாராவது கூட்டிக்கொண்டு போனால் போதும். அவிழ்த்துவிடப்பட்ட வாத்துகளுக்கு அந்த யாராவது இல்லை.

இந்த வாத்துகளில் உருவத்தில் பெரிய ஒரு வகை அடியோடு அழிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். 1962-ல் ஹரால்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் மினசோட்டா மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் அவற்றைக் கண்டுபிடித்தார். நடுநகரத்து ஏரியில் மேய்ந்துகொண்டிருந்தன. மின்நிலையத்திலிருந்து வந்த வெந்நீரால் அந்த ஏரி அப்போது பனிக்காலத்தில் உறையாமல் இருந்தது. உறையாத ஏரி இருக்கும்போது தெற்கே எதற்குப் போக வேண்டும்?

நாடே கொண்டாடியது. அரசாங்கத் துறைகளே அவற்றைப் பெருக்கி, மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோய் விட்டன. அதே காலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, புறநகர்கள் பெருகிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு முன்னால் வெட்டிவிட்ட புல்தரை, கோல்ஃப் மைதானம், அலுவலக வளாகத்து அலங்காரக் குளம். வாத்துக்கு வேண்டியது குட்டையான புல், பக்கத்தில் தண்ணீர், நரி வந்தால் தூரத்திலேயே தெரிகிற வெட்டவெளி. மனிதன் தன் அழகுக்குச் செய்துகொண்டதெல்லாம் வாத்துக்குப் போட்ட பந்தி ஆகிவிட்டது. குழந்தைகள் ரொட்டி வேறு போட்டார்கள்.

முப்பது, நாற்பது வருஷத்தில் அதே வாத்து தொல்லை. பூங்காவில் கால் வைக்க இடமில்லாமல் எச்சம். குளத்துத் தண்ணீர் பச்சையாகிறது. கூட்டுக்குக் காவல் நிற்கும் சேவல் வாத்து வழியில் போகிறவரை விரட்டிக் கொத்துகிறது. நாய்களைப் பழக்கி விரட்டினார்கள். பக்கத்துப் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தன. முட்டையை உடைத்தால் மறுபடி இடும் என்பதால், முட்டைமேல் மக்காச்சோள எண்ணெயைப் பூசினார்கள். உள்ளே கரு செத்திருக்கும். தாய் தெரியாமல் அடைகாத்துக்கொண்டிருக்கும்.

1918 சட்டம் வலசைப் பறவையைக் காக்கிறது. வலசை போகாத பறவையை என்ன செய்வது? சட்டத்துக்கு ஒரு வரையறை தேவைப்பட்டது. மார்ச் முதல் ஜூன் வரை அமெரிக்காவின் கீழ் 48 மாநிலங்களிலும் தலைநகர் வட்டாரத்திலும் கூடு கட்டினாலோ, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அங்கே இருந்தாலோ, அது 'தங்கிவிட்ட கனடா வாத்து'. உருவத்தில் வித்தியாசம் இல்லை. காலண்டரை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 2006-ல் வந்த விதிகள் இப்படித் தங்கிவிட்டவற்றைக் குறைக்க மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தன.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தின் இரண்டு இஞ்சினிலும் கனடா வாத்துகள் மோதின. விமானி அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கோடையில் நகர நிர்வாகம் வாத்துகளைப் பிடிக்க ஆரம்பித்தது. ஜூன், ஜூலையில் வாத்துக்குப் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும். சில வாரங்கள் பறக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்துப் பூங்காக்களில் வளைத்துப் பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை விஷவாயு வைத்துக் கொன்றார்கள்.

ஆனால் இஞ்சினில் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இறகு எந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்தது என்பதை அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களே சொல்லிவிடும். மோதியவை நியூயார்க் வாத்துகள் இல்லை. வடக்கே லாப்ரடார் பக்கத்திலிருந்து வந்த வலசை வாத்துகள். முடிவு வெளிவந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் புரூக்ளினின் ப்ராஸ்பெக்ட் பூங்காவில் இன்னும் சுமார் 400 வாத்துகளைப் பிடித்துப் போனார்கள்.

எச்சம் தொல்லைதான், விமானத்துக்கு ஆபத்தும் உண்மைதான். கூட்டம் கூடினால் எது மோதும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் செய்தவன் வெளியூர்க்காரன் என்று தெரிந்த பிறகும் கை வைத்தது உள்ளூர்க்காரன் மேல். அவன்தான் பக்கத்தில் இருந்தான், அவனால்தான் அப்போது பறக்க முடியவில்லை.

4

இனி பாட்டையா.

மனிதரையும் வாத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டது அப்பத்தா. நான் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பிரிட்டிஷார் 1852-ல் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடு நெல்வயலாக மாறி, உலகத்துக்கே அரிசி போக ஆரம்பித்தது. காடு திருத்தும் விவசாயிக்கு வெள்ளைக்கார வங்கி கடன் கொடுக்காது. செட்டிநாட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடைகள் 1,600-க்கும் மேலே இருந்தன. எங்கள் ஊர்களில் இதற்குப் பெயர் 'கொண்டுவிக்கப் போறது'.

இது சரியான வலசை. ஏஜென்டாகப் போகிறவருக்கு மூன்று வருஷக் கணக்கு. பொண்டாட்டி, பிள்ளை பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார்கள். கணக்கு முடிந்து திரும்பி வந்து சில மாதம் இருந்துவிட்டு, மறுபடி கப்பல். பையன்களைப் பதிமூணு, பதினாலு வயதில் பெட்டியடிப் பையனாகக் கூட்டிப் போவார்கள். கிட்டங்கியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டிக் கணக்கும் பர்மியப் பேச்சும் எந்த ஆளை நம்பலாம் என்பதும் பழகிக்கொள்வான். என் பாட்டையா அப்படித்தான் போனார். அவருடைய சித்தப்பா கூட்டிப் போனாராம்.

1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அரிசி விலை விழுந்தது. விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1937 வாக்கில் 25 பங்கு. வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது புரளும் பணம். புரளாத நிலம் அவருக்கும் பாரம்தான். ஆனால் அதைப் பர்மிய விவசாயியிடம் போய்ச் சொல்ல முடியாது. தாத்தா காடு வெட்டித் திருத்திய நிலத்தில் பேரன் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது.

அதுவரை செட்டி வந்துபோகிறவர், அவசரத்துக்குக் கைகொடுக்கிறவர். இப்போது அவர் வழக்கம்போல வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார், நிலம் மட்டும் அவர் பேரில் தங்கிவிட்டது. காசை ஊருக்கு அனுப்பிவிடுகிறான் என்பதும் குற்றச்சாட்டு, எங்கள் மண்ணை வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறான் என்பதும் குற்றச்சாட்டு. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தபோது அடிபட்டவர்களில் துறைமுகக் கூலிகளும் சின்னக் கடைக்காரர்களும் இருந்தார்கள். வட்டி வாங்கியவர்கள் அவர்கள் இல்லை. தெருவில் கைக்கு எட்டியவர்கள் அவர்கள்.

1942-ல் ஜப்பான் படை வந்ததும் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். வசதி இருந்தவர்கள் கப்பலில். இல்லாதவர்கள் நடந்து. பாட்டையா தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்தவர். 1948-ல் பர்மா விடுதலையானதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் சுமார் 3 லட்சம் பேர் கிளம்பினார்கள். இவர்களில் பெரும்பாலோர் வட்டிக்கடைக்காரர்கள் இல்லை. அங்கேயே பிறந்தவர்கள், பர்மிய மொழி பேசி வளர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, பக்கத்திலேயே கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார்.

போகாமல் அங்கேயே இருந்துவிட்ட தமிழர்களும் உண்டு. பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்னால் அந்த மண்ணில் குடியேறிய இனங்களையே பிறப்பால் குடிமக்களாக ஏற்கிறது. 1824-ல்தான் பிரிட்டிஷாருடன் முதல் போர் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த மற்றவர்களுக்கு வேறு தரத்துக் குடியுரிமை. இந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் எனக்கு அந்த அமெரிக்க வரையறை ஞாபகம் வந்தது. மார்ச் முதல் ஜூன் வரை. இங்கேயும் ஆளைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

5

இவ்வளவும் படித்து எழுதிக்கொண்டு போய் அப்பத்தாவிடம் சொன்னேன். பாட்டையாவைப் பர்மாக்காரன் எப்படி விரட்டினான் என்பதைத்தான் அவர் சொல்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அட அது இல்லைப்பா. நான் சொன்னது இங்க நடந்தது" என்றார்.

அப்பத்தா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது பாட்டையா ஊர் திரும்பிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமியார் சொல்லக் கேட்டதும், தானே பார்த்ததும் சேர்ந்த கதை இது. பர்மாவில் இருந்த காலத்தில் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டையா வருவார். வருகிறார் என்றால் வீட்டில் திருவிழா. வளவைக் கழுவிக் கோலம் போட்டு, பெட்டி பிரிக்கும்போது தெருவே வந்து நிற்குமாம். வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கோழி. பிள்ளைகள் அவர் மடியை விட்டு இறங்காது. சில மாதத்தில் கப்பல் ஏறிவிடுவார். அழுதுகொண்டே வழியனுப்புவார்கள்.

1942-ல் வந்தவர் கப்பல் ஏறவில்லை.

"ஒரு வருஷம் பார்த்தாக, ரெண்டு வருஷம் பார்த்தாக. இந்த மனுசன எங்க உக்கார வைக்கிறதுன்னே யாருக்கும் தெரியல. அதுவரைக்கும் வீட்ட நடத்துனது எங்க மாமியா. இவுக வந்து அரிசி என்ன விலை, இது எதுக்கு அதுன்னு கேட்டா எப்புடி இருக்கும்? பேரன் பேத்திக சத்தம் போட்டா இவுகளுக்கு ஆகாது. இவுக இருமுனா அவுகளுக்கு ஆகாது. கடேசியில முகப்புத் திண்ணையில ஒரு ஓரமா ஒதுங்கிட்டாக."

அங்கே உட்கார்ந்து பழைய பேரேட்டில் கணக்குப் போடுவாராம். திரும்பி வராத கடன், திரும்பிக் கிடைக்காத நிலம், அதற்கு அன்றைய நடப்பு வட்டி. சாப்பாடு திண்ணைக்கே போகும். யாரும் கெட்டவர்கள் இல்லை. சோறு ஒரு வேளை தவறியதில்லை. அந்த வீடு மூணு வருஷத்துக்கு ஒருதரம் அவரை வரவேற்கப் பழகியிருந்தது. தினமும் அவரோடு இருக்கப் பழகவில்லை. என் தாத்தாவைக் கூட்டிப்போய்ப் பழக்க அவருக்குக் கிட்டங்கியும் இல்லை, பாதையும் இல்லை. தாத்தா தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார்.

போன மாசி கடைசியில் மறுபடி கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனேன். கண்மாயில் பாதித் தண்ணீர். மரங்களில் கூடுகள் காலியாக இருந்தன. மண்ணில் எச்சம் காய்ந்து பொடியாகியிருந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எல்லாம் போயிருச்சா என்று கேட்டேன்.

"போயிருச்சு. ஒண்ணு மட்டும் கிடக்கு. றெக்கையில அடி போல, எந்திரிக்க முடியல" என்று கையைக் காட்டினார்.

ஒரு கருவேல மரத்தடியில் நத்தைகுத்தி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் இரண்டு அடி தள்ளி நின்றது. பெரியவர் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த சின்ன மீன்களை அதற்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார்.

"எத்தனை நாளா வைக்கிறீங்க ஐயா?"

"அது ஆச்சு பத்து, பன்னெண்டு நாளு" என்றார்.